இளசையிற் கண்டவை

தோற்றுவாய்

பழம்பெருமை வாய்ந்த ஊர்களைக் காணச் செல்வோர் இருதிறத்தார். ஒருசாரார் கோட்டையையும் கோபுரத்தையும் கண்டு வியந்து, பொழுது சாயுமுன் வீடு மீள்வர். மற்றொருசாரார், இவற்றை எடுப்பித்தோர் யாவர், இவற்றுள் அழிந்தன எவை, அழியாது எஞ்சியன எதனால் எஞ்சின என்று வினவிக்கொண்டே நடப்பர். முன்னையோர்க்கு ஒரு பகல் அமையும். பின்னையோர்க்கோ செல்லுமுன் சில நூல்களும், மீண்டபின் சில நாட்களும் வேண்டும். நாகலாபுரத்து மாணவர் நால்வராகிய யாம், சென்ற கோடை விடுமுறையில் எட்டயபுரம் சென்று கண்டவற்றைப் பின்னையோர் நெறிபற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தஞ்சையும் மாமல்லபுரமும் இருக்க, அண்டையிலுள்ள எட்டயபுரத்தைத் தேர்ந்தது என்னையோ எனின், அவ்வூர்க்கும் எம்மூர்க்கும் இடையே இருநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கை முதற்கண் கூறினாலன்றி யாம் கண்டவற்றின் பொருள் விளங்காது.

பழைய வழக்கு

மதுரை நாயக்கர் ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டில், நாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டதென்பது மரபு. இக்கரிசற் பகுதியில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் என்பன ஒன்றற்கொன்று அணித்தான பாளையங்கள். ஒருவர் மற்றொருவர்க்கு அடங்கியவரல்லர். எல்லைப் பூசல்கள் இவர்களிடையே பலகால் நிகழ்ந்தன.

ஆங்கிலக் கும்பினியார் திறை தண்டும் உரிமையைக் கைக்கொண்டபின், பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் அவர்கட்கும் பகை முற்றிற்று. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையிற் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். இவ்வளவும் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதற்கு முன்னரே எம்மூரில் நிகழ்ந்ததை அறிவோர் சிலரே. கட்டபொம்மனின் அமைச்சராகிய தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டனர். அவர் தலையைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஈட்டியில் ஏற்றி வைத்தனர். கட்டபொம்மனுக்குத் துணைநின்ற எம்மூர்ச் சவுந்தரபாண்டிய நாயக்கரும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார். நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் முதலிய பாளையங்களைக் கும்பினியார் பறிமுதல் செய்தனர்.

1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிந்த கோட்டையைச் சில நாட்களுள் மீண்டும் எழுப்பினான். மே 24-ஆம் நாள் அக்கோட்டையும் வீழ்ந்தது. இம்முறை அதனைத் தரைமட்டமாக்கி, ஊர்ப்பெயரையே ஏட்டினின்று அகற்ற முயன்றனர். இவ்விரு போரிலும் எட்டயபுரத்தார் நின்றது கும்பினியார் பக்கத்தில். பாஞ்சாலங்குறிச்சி நிலங்கள் துணைநின்ற பாளையக்காரர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது எட்டயபுரமும் பங்கு பெற்றது.

ஆகவே, தோற்றவர் ஊரினின்று வென்றவர் ஊரைக் காணச் சென்றோம் என்க.

வழியியல்பு

விடியற்போதிற் பேருந்தேறி, வைப்பாற்றின் கரையிலுள்ள விளாத்திகுளத்தில் இறங்கி, ஆண்டு வேறு பேருந்து மாறினோம். வழியெங்கும் கரிசல். கோடையில் அந்நிலம் ஆழமாக வெடித்து, பிளவிற் கோலைவிட்டால் முழமளவும் இறங்கும். மழை வீழ்ந்தாலோ வெடிப்பெல்லாம் மூடி, கால்வைத்தவனை விடாது பற்றும். நீரை நெடுநாள் தன்னுட் கொள்ளும் இவ்வியல்பினாலேயே ஆறு குளமின்றியும் வானம் பார்த்துப் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் ஈண்டு விளைகின்றன. விடப்பட்ட காடுகளைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது.

இம்மண்ணின் பருத்திக்கும் அமெரிக்க நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1861 முதல் 1865 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி சென்றிலது. அப்பொழுது இந்தியப் பருத்திக்கு விலை ஏறிற்று. திருநெல்வேலிப் பருத்தி தூத்துக்குடித் துறைவழியே கப்பலேறிற்று. பின்னர் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயர் என்பார் பருத்தி அரைவை ஆலையொன்று நிறுவினார். அவ்வாலை நிலைபெறவில்லை, செல்வமெல்லாம் இழந்து 1898-இல் அவர் இறந்தார். அவர் மகனையே உலகம் சுப்பிரமணிய பாரதியார் என்று போற்றுகின்றது.

அரண்மனை

எட்டயபுரத்தைப் புலவர்கள் இளசை என்று பாடுவர். ஊர் பெரிதன்று. ஒரு முற்பகலில் நடந்து கண்டுவிடலாம். முதலில் அரண்மனைக்குச் சென்றோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின் அரசிருக்கைக்குரிய வருவாய் அற்றுப்போயிற்று. கட்டடத்தின் பல பகுதிகள் இன்று சிதைந்துள்ளன. மதிலிடுக்கில் ஆலஞ்செடி வேரூன்றியுள்ளது. போரில் தோற்ற கோட்டையைப் பீரங்கி இடித்தது. போரில் வென்ற அரண்மனையைக் காலம் இடிக்கின்றது. தோற்றவர் ஊரினின்று சென்ற எமக்கு இக்காட்சி மகிழ்ச்சி தருமென்று ஒருவர் கருதக்கூடும். மாறாக, எம்முள் ஒருவன், “இதற்காகவா இவ்வளவு பேர் இறந்தார்கள்?” என்று மெல்லக் கூறினான். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

இவ்வரண்மனையின் வரலாற்றை ‘வம்சமணி தீபிகை’ என்னும் பெயரால் கவிகேசரி சாமி தீட்சிதர் எழுதினார். அது 1879-இல் அச்சேறிற்று. அதற்கு ஈராண்டு கழித்து, இடையன்குடியிலிருந்து தமிழ்ப்பணியாற்றிய கால்டுவெல் ஐயர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒன்று அரசவையிலிருந்து எழுதப்பட்டது. மற்றொன்று ஆங்கிலேயர் ஆவணங்களைக்கொண்டு எழுதப்பட்டது. இரண்டையும் எழுதியோர் வென்ற பக்கத்தைச் சார்ந்தோரே. தோற்ற பக்கத்தாரின் வரலாறு கும்மியிலும் கதைப்பாடலிலும் கிழவர் வாய்மொழியிலும் நெடுங்காலம் மறைந்து வாழ்ந்தது. வரலாறு பயில்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

புலவரும் பாணரும்

அரண்மனை சிதைந்தது, ஆயினும் அதன் நிழலில் வாழ்ந்தோர் பெயர் சிதையவில்லை. அவருள் மூவர் நினைவிடங்களைக் கண்டோம்.

முதலாமவர் உமறுப்புலவர். 17-ஆம் நூற்றாண்டினராகிய இவர், எட்டயபுர அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் கற்றவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்னும் காப்பியமாக, மூன்று காண்டங்களில் 5,000-க்கு மேற்பட்ட விருத்தங்களாற் பாடினார். அரபு நாட்டு நிகழ்ச்சியைப் பாடுமிடத்தும் தமிழ்க் காப்பிய மரபு வழுவாது நாட்டுவளமும் நகர்வளமும் பாடிய திறம், இலக்கியம் பயில்வோர் உணர்ந்து இன்புறற்பாலது. இசுலாமியப் புலவர், சைவ வைணவம் தழுவிய அரசவையில் இடம்பெற்றதும், இந்து ஆசிரியரிடம் யாப்புக் கற்றதும் ஈண்டுக் கருதத்தக்கன. அவர் அடக்கம் எட்டயபுரத்திலேயே உள்ளது. அரசாங்கத்தார் மணிமண்டபமும் எழுப்பியுள்ளனர்.

இரண்டாமவர் இசைப்புலவர் முத்துசாமி தீட்சிதர். திருவாரூரிற் பிறந்த இவர், தம் தம்பி பாலுசாமி தீட்சிதர் அவைப்பாணராக இருந்த எட்டயபுரத்துக்கு முதுமையில் வந்து, 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளன்று ஈண்டே உயிர் நீத்தார். வறண்ட இந்நிலத்தைக் கண்டு இரங்கி, அமிர்தவர்ஷிணி இராகத்திற் பாடி மழை பெய்வித்தார் என்பது செவிவழிச் செய்தி. அது மெய்யோ புனைவோ, மழைக்கு ஏங்கும் கரிசல் மக்கள் பெரியாரொருவரிடம் யாது வேண்டுவர் என்பதை அச்செய்தி நன்கு காட்டுகின்றது. மேனாட்டு வயலினை நம் இசைக்கு இசைவித்தோருள் முதல்வராகப் பாலுசாமி தீட்சிதர் எண்ணப்படுகின்றார்.

இக்குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர், வாய்வழியே வந்த கீர்த்தனங்கள் அழிந்துபடாமல், ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலைச் சுரக்குறிப்போடு இயற்றினார். அது 1904-இல் எட்டயபுரத்து அச்சகத்திலேயே தெலுங்கெழுத்தில் அச்சாயிற்று. அவரை அப்பணிக்குத் தூண்டியவர், கிறிஸ்தவராகிய ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் இசையறிஞர். பொருள் உதவியவர் எட்டயபுர அரசர். கடன்பட்டும் கண்ணொளி குன்றியும் நம் இசையை மேனாட்டுச் சுரக்குறியில் எழுத முயன்றவர் இம்முதலியார். தம் முயற்சி முற்றுப்பெறாதெனக் கண்டு, அதனை முடிக்கவல்லவரைத் தூண்டி முடிப்பித்த பெருந்தகைமை போற்றத்தக்கது.

மூன்றாமவர் பாரதியார். அவர் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்த வீடு இன்று அரசாங்க நினைவில்லம். ஒடுங்கிய தெருவில் உள்ளதோர் அளவான வீடு. இவ்வூரிலேயே இளம்பருவத்தில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். காசியினின்று மீண்டு, 1902 முதல் 1904 வரை அரசரிடம் பணியாற்றினார். பின்னர் அப்பணியை விட்டு மதுரையிற் சில திங்கள் தமிழாசிரியராக இருந்து, ‘சுதேசமித்திரன்’ அலுவலகம் புகுந்தார். அவருடைய இளமைத் தோழரும், பிற்காலத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியருமான நாவலர் சோமசுந்தர பாரதியாரும் இவ்வூரினரே.

கல்கி அவர்களின் முயற்சியாலும் பொதுமக்கள் நன்கொடையாலும் எழுந்த பாரதி மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் இராஜாஜி திறந்துவைத்தார். நாடு விடுதலை பெற்று இரண்டு திங்களே ஆகியிருந்த காலம் அது. கும்பினியார்க்குத் துணைநின்ற ஊரிலேயே, அவர் ஆட்சி ஒழியப் பாடிய புலவர்க்கு மக்கள் மண்டபம் எடுத்தனர்.

இதனினும் எமக்கு வியப்பளித்த செய்தி ஒன்றுண்டு. புதுவையினின்று மீண்டு கடையத்தில் வறுமையுற்றிருந்த பாரதியார், 1919-இல் எட்டயபுர அரசர்க்குக் கடிதம் எழுதினார். மேற்கூறிய ‘வம்சமணி தீபிகை’யைத் திருந்திய நடையில் தாம் புதுக்கி எழுதித் தருவதாக அதில் வேண்டிக்கொண்டார். அம்முயற்சி கைகூடவில்லை. விடுதலைக் கவி, கும்பினித் துணைவர் மரபின் வரலாற்றை எழுத முன்வந்தது என்னை? வறுமையே காரணம் என்பர் சிலர். பிறந்த ஊர்ப்பற்று என்பர் சிலர். இரண்டும் இருக்கலாம். எதுவாயினும், பழியுடைய வரலாறென்று அவர் அதனைத் தொடாது ஒதுக்கவில்லை என்பது தெளிவு.

ஊர்ப்பெயரும் பழிச்சொல்லும்

நண்பகலில் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்தோம். கடைக்காரப் பெரியவர் எம் ஊரை வினவினார். நாகலாபுரம் என்றதும் நகைத்து, “அப்படியானால் உங்களுக்கும் எங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறதே, தம்பி!” என்றார். பிறகு நகைப்பு நீங்கி, “வெளியூரில் எட்டயபுரம் என்றாலே சிரிக்கிறார்கள். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் ஒருவர் கேலி பேசினார். இப்போதெல்லாம் பாரதி பிறந்த ஊர் என்று முதலிற் சொல்லிவிட்டுத்தான் ஊர்ப்பெயரைச் சொல்லுகிறேன்” என்றார். தேநீர்க்குரிய காசைக் குறையாது வாங்கிக்கொண்டார். ஆயினும் உமறுப்புலவர் அடக்கத்துக்கு வழிகாட்டத் தம் பேரனை உடனனுப்பினார்.

எட்டப்பன் என்பது அவ்வரச மரபினர் அனைவர்க்கும் உரிய பட்டப்பெயர். இன்று அது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல்லாய்விட்டது. 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் அவ்வழக்கை மூலைமுடுக்கெல்லாம் பரப்பிற்று. விளையாடும் சிறுவரும் இச்சொல்லால் ஒருவரையொருவர் ஏசுகின்றனர்.

இவ்வசை தகுமா? இருபுறமும் நோக்குதல் வேண்டும். 1799-இலும் 1801-இலும் எட்டயபுர அரசர் அயலார்க்குத் துணைநின்று, அதனால் நிலமும் பெற்றார் என்பது மறுக்கவொண்ணாதது. அதனை மழுப்பிக் கூறுதல் தூக்கிலேறியோர்க்கு இழைக்கும் தீங்காகும். ஆயினும், அவர் கட்டபொம்மனின் குடியோ படைத்தலைவரோ அல்லர்; எல்லைப்பகை கொண்ட மற்றொரு பாளையக்காரர். 18-ஆம் நூற்றாண்டின் இடையில் இதே எட்டயபுரத்தார், ஆங்கிலேயர் சார்பில் வந்த யூசுப்கான் படையை எதிர்த்தனர்; அவர்க்குத் துணைநின்ற கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் உயிர் ஈந்தார். ஒரு தலைமுறையில் எதிர்த்தோரும் மறு தலைமுறையில் துணைநின்றோரும் ஒரே அரண்மனையார். அங்ஙனமாயின், அரசரொருவரின் செயலை ஊர்முழுதின்மேலும் ஏற்றி, இருநூறாண்டு கழிந்தபின் பெண் பார்க்கச் சென்ற கிழவரைத் தலைகுனியச் செய்வது எந்நீதி? நாசரேத்து என்னும் பெயரைக் கேட்ட அளவில் அவ்வூரினின்று நன்மை வருமோ என்று நாத்தான்வேல் ஐயுற்றதைத் திருமறை கூறும். ஊர்ப்பெயரைக் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் பழையது, ஆயினும் பிழையானது.

பிறநாட்டு ஒப்பு

அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரை ஈண்டு ஒப்புநோக்கலாம். 1776 ஜூலை 4-ஆம் நாள் விடுதலைச் சாற்றுரை நிறைவேறியதும், 1787-இல் அரசியலமைப்பு வகுக்கப்பெற்றதும் அந்நகரின் ஒரே மண்டபத்தில். அதனைக் காண ஆண்டுதோறும் எண்ணிறந்தோர் செல்கின்றனர். அதன் அருகிலேயே, முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் 1790 முதல் 1797 வரை குடியிருந்த மனை இருந்தது. எல்லா மாந்தரும் நிகராகப் பிறந்தனர் என்று பறைசாற்றிய நகரிலே, அம்மனையில் ஒன்பதின்மர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். மனை பிற்காலத்தில் இடிக்கப்பட்டது, செய்தியும் மறைந்தது. அறிஞரும் நகரமக்களும் விடாது கேட்டமையால், நிலத்தை அகழ்ந்து கடைகாலைக் கண்டு, அவ்விடத்தே 2010-இல் அவ்வொன்பதின்மர் பெயரும் விளங்க நினைவிடம் அமைத்தனர். அதனால் 1776-இன் புகழ் குறைந்ததாக அறிவுடையோர் கூறார். கட்டபொம்மன் மாண்ட அதே 1799-ஆம் ஆண்டின் டிசம்பரில் வாஷிங்டனும் இறந்தார் என்பது ஒருங்கெண்ணத்தக்கது. அங்கே விடுதலை வென்றது; இங்கே தோற்றது. ஆயினும் இரு நாட்டு ஊர்களிலும் பெருமையும் சிறுமையும் ஒரு மண்ணிலேயே கலந்து கிடக்கின்றன.

முடிவுரை

யாம் கண்டவற்றால் துணிந்தவை மூன்று. வரலாற்றூரைக் காண்போர் அதன் புகழிடங்களை மட்டும் கண்டு மீளலாகாது. அவ்வூரால் தாழ்ந்த ஊர்களையும் வினவுதல் வேண்டும். எட்டயபுரம் செல்வோர், பாஞ்சாலங்குறிச்சியையும் கயத்தாற்றையும் எம் நாகலாபுரத்தையும் ஒருங்கு கண்டாலன்றி அக்கதை முற்றாது. இஃது ஒன்று. பழியை மறைத்தலும் பழியையே ஊர்ப்பெயராக்குதலும் ஒருங்கே தவறு. இஃது இரண்டாவது. வாளும் நிலமும் பெற்றுத் தந்த பெருமை ஒன்றிரண்டு நூற்றாண்டில் ஆலஞ்செடிக்கு இரையாகின்றது. சொல்லும் இசையும் பெற்றுத் தந்த பெருமையே நிற்கின்றது. இஃது மூன்றாவது.

இம்மூன்றும் எம் கடமையொன்றை நினைவூட்டுகின்றன. எட்டயபுரத்துக்கு ஒரு ‘வம்சமணி தீபிகை’ வாய்த்தது. நாகலாபுரத்தில் 1799-இல் நிகழ்ந்தவற்றைப் பற்றி எம்மூர் முதியோர் கூறுவன அவர்களோடு மறையுமுன் எழுத்தில் ஏறவேண்டும். அடுத்த விடுமுறையில் யாம் நால்வரும் தெருவுக்கு ஒருவராக அப்பணியை மேற்கொள்ள உறுதிபூண்டுள்ளோம். மெய்யெனத் துணிந்ததை மெய்யென்றும், செவிவழி வந்ததைச் செவிவழியென்றும் பிரித்தே எழுதுவோம். இதனைப் படிக்கும் தோழர்களும் தத்தம் ஊரில் இவ்வாறே முயல்வாராயின், நம் மாவட்டத்தின் முழு வரலாறு ஒருநாள் நம் கையாலேயே எழுதப்படும்.